‘என்னால் முடியும்’: ஆங்கிலக் கேள்விப்பட்டியல் ஒன்று தமிழில் சரியாக அளக்கிறதா?

"விருந்தினர் முன்னிலையிலும் என்னால் தவறாமல் உடற்பயிற்சி செய்ய முடியும்."

இந்த வாக்கியத்தில் எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. வட சென்னையில் ஒரு சுகர் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருந்த ஓர் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். 55 வயதிருக்கும். மருந்துச் சீட்டை நாலாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தார். நான் படித்து முடித்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வந்தவங்க எதிர்லயா? கூச்சமா இருக்காதா கண்ணு?" என்றார்.

இது ஆங்கிலக் கேள்விப்பட்டியல் ஒன்றிலிருந்து நாங்கள் தமிழாக்கிய வரி. ஆங்கில மூலம் கேட்பது வேறு. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிற நாளிலும் வாக்கிங்கை விடாமல் இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அந்த அம்மாவின் காதில் விழுந்ததோ, வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நடு ஹாலில் நின்று கையைக் காலை ஆட்ட முடியுமா என்பது. அவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நாங்கள் எழுதியதை அப்படியே புரிந்துகொண்டார். கல்யாணப் பத்திரிகையிலும் கூட்ட நோட்டீஸிலும் ‘முன்னிலை’ என்ற சொல்லைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் நினைவுக்கு வருவார்.

எனக்கு அன்று தூக்கிவாரிப்போட்டதற்கு வேறு காரணம் உண்டு. இந்த வாக்கியத்தை நாங்கள் ஏற்கெனவே சோதித்திருந்தோம். ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழைக் கொடுத்து, திருப்பி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லியிருந்தோம். மூலத்தில் இருந்த அதே சொற்கள் அச்சு அசலாகத் திரும்பி வந்தன. சரியாக இருக்கிறது என்று டிக் போட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டோம். மொழிபெயர்ப்பு சரி, திருப்பி எழுதியதும் சரி, ஆனால் கேள்வி மாறிப்போயிருந்தது.

மனநலம், செவிலியர் படிப்பு, சமூகப்பணி, கல்வியியல் என்று எந்தத் துறையில் ஆய்வு செய்தாலும் என்றாவது ஒருநாள் ஆங்கிலக் கேள்விப்பட்டியல் ஒன்றைத் தமிழாக்கும் வேலை வந்து சேரும். அப்போது செய்ய வேண்டியதையும், அதை ஏன் செய்ய வேண்டும் என்பதையும் புதிதாக இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். என் உதாரணம் ‘தன்திறன் நம்பிக்கை’யை அளக்கும் ஒரு பட்டியல்.

எதை அளக்கிறோம்?

தன்திறன் நம்பிக்கை என்பது ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்த கருத்து. கனடாவில் பிறந்தவர், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பணியாற்றியவர், 2021இல் மறைந்தார். 1977இல் அவர் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையின் தொடக்கப்புள்ளி. அந்தக் காலத்தில் அவர் பாம்பென்றால் நடுங்குகிறவர்களோடு வேலை செய்துகொண்டிருந்தார். பாம்பு இருக்கும் கூண்டின் பக்கத்தில் போக முடியுமா, தொட முடியுமா, மடியில் விட்டுக்கொள்ள முடியுமா என்று படிப்படியாகக் கேட்டு, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு உறுதியாக நம்புகிறார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு உண்மையிலேயே எந்தப் படிவரை போகிறார்கள் என்று பார்த்தார்கள். வாயால் சொன்ன நம்பிக்கைக்கும் செய்து காட்டியதற்கும் நெருக்கமான தொடர்பு இருந்தது. பண்டுராவின் கருத்துப்படி இந்த நம்பிக்கை நாலு வழிகளில் வளர்கிறது: முன்பு செய்து ஜெயித்த அனுபவம், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, நம்பும்படி ஒருவர் சொல்வது, அந்த நேரத்தில் நம் உடம்பும் மனசும் இருக்கிற நிலை.

தமிழில் இதற்குத் ‘தன்னம்பிக்கை’ என்று போட்டுவிட்டால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தன்னம்பிக்கை என்ற சொல் ரொம்பப் பெரிய பாத்திரம். மேடையில் பேசும் துணிச்சல், தோல்வியில் துவளாத மனசு, தன்னைப் பற்றிய மதிப்பு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். தன்திறன் நம்பிக்கை அதைவிடக் குறுகியது: குறிப்பிட்ட ஒரு காரியத்தை, குறிப்பிட்ட ஒரு நிலைமையில் செய்ய முடியும் என்ற நம்பிக்கை. நூறு பேருக்கு அலட்டாமல் சமைக்கிற ஒருவருக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள முடியும் என்ற நம்பிக்கை துளியும் இல்லாமல் இருக்கலாம். பொதுவான தன்திறன் நம்பிக்கையை அளக்கும் பட்டியலும் உண்டு. ஜெர்மனியின் ரால்ஃப் ஷ்வார்சர், மத்தியாஸ் ஜெருசலேம் இருவரும் உருவாக்கிய 10 வாக்கியப் பட்டியல் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போயிருக்கிறது. ஆனால் காரியத்துக்குக் காரியம் தனியாக அளக்க வேண்டும் என்பதில் பண்டுரா உறுதியாக இருந்தார். 2006இல் வெளியான அவருடைய வழிகாட்டிக் கட்டுரையில் உடற்பயிற்சிக்கென்றே ஒரு பட்டியல் இருக்கிறது. நாங்கள் தமிழாக்கியது அதைத்தான். களைப்பாக இருக்கும்போது, வீட்டு வேலை அதிகமாக இருக்கும்போது, விருந்தாளி வந்திருக்கும்போது என்று 18 நிலைமைகள். ஒவ்வொன்றிலும் பயிற்சியை விடாமல் செய்ய முடியும் என்று எவ்வளவு உறுதியாக நம்புகிறீர்கள் என்று 0 முதல் 100 வரை எண் தர வேண்டும்.

அதே கட்டுரையில் பண்டுரா வலியுறுத்தும் ஒன்று, கேள்வி ‘செய்ய முடியும்’ என்று இருக்க வேண்டும், ‘செய்வேன்’ என்று இருக்கக் கூடாது. முதலாவது திறன் பற்றிய நம்பிக்கை, இரண்டாவது எண்ணம். இந்த இடத்தில் தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. ‘நான் நடப்பேன்’ என்பதும் ‘என்னால் நடக்க முடியும்’ என்பதும் ஒன்றோடொன்று குழம்புவதே இல்லை. ‘நான்’ என்பது ‘என்னால்’ ஆகிவிடுகிறது, வாக்கியத்தின் உருவமே மாறிவிடுகிறது.

ஆனால் அதே ‘முடி’யில் ஒரு முள்ளும் இருக்கிறது. ‘எனக்கு முடியலை’ என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். நோயிலிருந்து எழுந்த பிறகு பயிற்சியைத் தொடர முடியுமா என்பது 18இல் ஒன்று. அதை இயல்பான தமிழில் எழுதப் போனால், ‘உடம்பு முடியாமல் போய்த் தேறிய பிறகும் என்னால் வாக்கிங் போக முடியும்’ என்று வருகிறது. ஒரே வாக்கியத்தில் முடியாமல், முடியும். எழுத்தில் கண் இதைத் தாண்டிப் போய்விடும். வாசித்துக் காட்டினால் கேட்பவர் தடுமாறுகிறார். ‘காய்ச்சல், வயிற்றுப்போக்கு மாதிரி ஏதாவது வந்து குணமான பிறகும்’ என்று நாங்கள் மாற்றிய பிறகுதான் தடுமாற்றம் நின்றது.

மொழிபெயர்ப்பில் என்ன நடக்கிறது?

முதல் வேலை, பட்டியலின் உரிமையாளரிடம் அனுமதி கேட்பது, ஏற்கெனவே தமிழ்ப் பதிப்பு இருக்கிறதா என்று தேடுவது. இது ஒரு வாரத்து வேலை, ஆனால் இதைத் தவறவிட்டால் பின்னால் வருத்தப்படுவீர்கள்.

அப்புறம் மொழிபெயர்ப்பு. பரவலாகப் பின்பற்றப்படும் நடைமுறை 2000இல் டோர்காஸ் பீட்டனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும். ஒருவருக்கு இந்தக் கருத்து தெரிந்திருக்க வேண்டும், இன்னொருவருக்குத் தெரிந்திருக்கவே கூடாது. தெரியாதவர்தான் சாதாரண ஆட்கள் பேசுகிற சொல்லைக் கொண்டுவருவார். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். பிறகு மூலத்தைப் பார்க்காத இருவர் திருப்பி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இந்தத் திருப்பி எழுதும் முறையை 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் பிரபலப்படுத்தினார். அதன்பின் நிபுணர் குழு எல்லாப் பிரதிகளையும் மேசையில் பரப்பி வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்க்கும். கடைசியாக 30 முதல் 40 பேரிடம் கொடுத்து முன்சோதனை.

நிபுணர் குழுவின் தீர்ப்பை எண்ணாக மாற்ற ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு வாக்கியமும் எவ்வளவு பொருத்தம் என்று 1 முதல் 4 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். 3 அல்லது 4 போட்டவர்களின் விகிதம்தான் அந்த வாக்கியத்தின் உள்ளடக்க ஏற்புடைமைக் குறியீடு. 6 பேரில் 5 பேர் ஏற்றால் 0.83. நாலு பேர் மட்டும் ஏற்றால் 0.67. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட நிபுணர்கள் இருந்தால் 0.78க்குக் குறையக் கூடாது என்பது 1986இலிருந்து புழங்கும் அளவுகோல்.

என் அனுபவத்தில் இந்த வரிசையில் விலைமதிப்பில்லாதது கடைசிப் படி, அதாவது முன்சோதனை. அதைத்தான் பெரும்பாலான மாணவர்கள் ஒரே மதியத்தில் முடித்துவிடுகிறார்கள். படிவத்தைக் கொடுத்து, "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "புரிஞ்சுது" என்ற பதிலை எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். புரிந்ததா என்று கேட்டால் நம் ஊரில் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். கேட்க வந்த பிள்ளையின் மனசு நோகக் கூடாது என்ற கரிசனம் அது. கேட்க வேண்டியது இப்படி: "இந்தக் கேள்வி என்ன கேக்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா." அப்புறம், "எதை நினைச்சு இந்த நம்பரைச் சொன்னீங்க?" இந்த இரண்டு கேள்விகளையும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கேட்டால் ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

அப்படிக் கேட்டதில் எங்களுக்குத் தெரிந்தவை சிலவற்றைச் சொல்கிறேன்.

‘உடற்பயிற்சி’ என்றதும் ஓர் அக்கா, "அதெல்லாம் பண்றதில்லம்மா" என்று 18க்கும் 0 போட வந்தார். பேசிப் பார்த்தால், தினமும் மார்க்கெட்டுக்கு நடந்து போய் வருகிறார், தண்ணீர் லாரி வருகிற நாளில் மூன்று மாடிக்குக் குடம் தூக்குகிறார், டாக்டர் சொன்னதிலிருந்து சாயங்காலம் கார்ப்பரேஷன் பார்க்கில் நாலு சுற்று நடக்கிறார். அவருக்கு உடற்பயிற்சி என்றால் ஜிம்மில் பையன்கள் செய்வது. தான் செய்வது ‘வாக்கிங்’. நல்ல தமிழ்ச் சொல் வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இங்கே ‘வாக்கிங்’ என்று எழுதியபோதுதான் கேள்வி உரியவரிடம் போய்ச் சேர்ந்தது.

‘மோசமான வானிலையிலும்’ என்ற வரியும் அப்படித்தான். ‘வானிலை’ செய்தியில் வரும் சொல். அதுவும் ‘மோசமான வானிலை’ என்றால் மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்கிற நாள். புயலடிக்கும்போது எந்த மடையன் வாக்கிங் போவான் என்று ஒரு தாத்தா கேட்டார். அவர் கேட்டது நியாயம். சென்னையில் வாக்கிங்கைக் கெடுப்பவை இரண்டு: ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தேங்கும் மழைத்தண்ணீர், அக்னி நட்சத்திர வெயில். ‘மழை, கடும் வெயில் இருக்கிற நாட்களிலும்’ என்று எழுதினோம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். மழையும் வெயிலும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் மழைக்கு 20, வெயிலுக்கு 80 என்று நினைப்பவர் எதைச் சொல்வார்? இரண்டாகப் பிரித்தால் 18 என்பது 19 ஆகிவிடும், பிற மொழிகளின் மதிப்பெண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது. குழுவில் இதைப் பற்றி நெடுநேரம் பேசி, பிரிக்காமல் விட்டோம். பிரித்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

மூலத்தில் மனநிலை பற்றி அடுத்தடுத்து இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன, ஒன்று சோர்ந்து போயிருப்பது பற்றி, மற்றது பதற்றம் பற்றி. முதலாவதை ‘மனச்சோர்வு’ என்று எழுதினால் படித்தவர்களுக்கு நோயின் பெயராகக் கேட்கிறது, மற்றவர்களுக்கு எதுவுமே கேட்பதில்லை. ‘மனசு சரியில்லாதபோது’ என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் அந்தச் சொல் கவலை, கோபம், துக்கம் எல்லாவற்றுக்கும் பொதுவானது, அதனால் அடுத்த வரியின் எல்லைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ‘படபடப்பு’ இன்னொரு விதமான தொல்லை. பிபி, இதய நோய் உள்ளவர்களிடம் படபடப்பு என்றால் நெஞ்சு அடித்துக்கொள்வது. அப்போது நடக்கக் கூடாது என்று டாக்டரே சொல்லியிருப்பார். அவர் போடும் 0 நம்பிக்கைக் குறைவைக் காட்டவில்லை, டாக்டர் சொன்னதைக் கேட்கிறார் என்பதைக் காட்டுகிறது.

அழகான தமிழாலும் பொருள் தப்பிப் போகும். சிக்கலில் மாட்டிக்கொண்டால் வழி கண்டுபிடித்துவிடுவேன் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் தமிழாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை தானாக எழுதுவது ‘ஏதாவது ஒரு வழி பிறக்கும்’ என்பது. எவ்வளவு இயல்பான தமிழ்! ஆனால் அந்த வாக்கியத்தில் ‘நான்’ காணாமல் போய்விட்டேன். வழி தானாகப் பிறக்கிறது. கடவுளோ, காலமோ, அண்ணனோ பார்த்துக்கொள்வார்கள். தன்திறன் நம்பிக்கை என்ற கருத்தின் உயிரே செய்பவர் நான் என்பதில் இருக்கிறது. இங்கே ‘என்னால் ஒரு வழி கண்டுபிடிக்க முடியும்’ என்ற, கொஞ்சம் விறைப்பான வாக்கியம்தான் சரி.

நூற்றுக்கு எவ்வளவு?

கேள்வியை மொழிபெயர்ப்பதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட விடைகளை மொழிபெயர்ப்பதில் யாரும் காட்டுவதில்லை. 0 முதல் 100 வரை எண்தானே, அதில் மொழிபெயர்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும்.

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் நூற்றுக்கு இத்தனை என்றால் மார்க். மார்க் என்றால் பாஸ் மார்க் 35. படிவத்தில் 0, 10, 20 என்று பத்துப் பத்தாக இருந்தது. ஓர் ஆட்டோ ஓட்டுநர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "முப்பத்தஞ்சு போடலாமா மேடம்?" என்றார். தட்டுத் தடுமாறி ஒப்பேற்றிவிடுவேன் என்பதை அதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் மூலத்தில் ‘ஓரளவு உறுதி’ என்பது 50இல் உட்கார்ந்திருக்கிறது. நம் ஆட்களின் மனசில் நடுப்புள்ளி 35க்கு நகர்ந்திருந்தால், 40 என்று சொல்பவரை நாம் நம்பிக்கை குறைந்தவர் என்று எழுதிவிடுவோம்.

இதற்குப் பண்டுராவின் கட்டுரையிலேயே மருந்து இருக்கிறது. கேள்விகளுக்கு முன்னால் ஒரு பயிற்சி தருகிறார்: இத்தனை பவுண்டு எடையை இப்போது தூக்க முடியுமா என்று எடையை ஏற்றிக்கொண்டே போவது. பவுண்டு இங்கே யாருக்கும் கைவராது. நாங்கள் அரைக்குடம் தண்ணீர், ஒரு குடம், இரண்டு கையிலும் இரண்டு குடம், 25 கிலோ அரிசிச் சிப்பம் என்று மாற்றினோம். "அரைக்குடமா, நூறு. சிப்பமா, முதுகு போயிடும், பத்து" என்று சொல்லும்போதே எண்ணின் அர்த்தம் அவர்களுக்கு விளங்கிவிடுகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் ‘சுத்தமாக முடியாது’, ‘ஓரளவு முடியும்’, ‘கண்டிப்பாக முடியும்’ என்ற சொற்களையும் வாசித்துக் காட்ட வேண்டும்.

எண் சரியாகிவிட்டாலும் ஒரு பதில் என்னை இன்றும் யோசிக்க வைக்கிறது. வீட்டில் யாரும் துணைக்கு இல்லாவிட்டாலும் தொடர முடியுமா என்று கேட்டதற்கு ஓர் அம்மா சொன்னார்: "முடிஞ்சுதானே ஆகணும்." நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இது 100ஆ? ‘முடியும்’ என்பது நம்பிக்கை. ‘முடிஞ்சாகணும்’ என்பது கட்டாயம். கணவரை இழந்து, பேரப்பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, சுகருக்கு மாத்திரையும் போட்டுக்கொண்டிருக்கிற ஒருவர் அப்படித்தான் பேசுவார். "ஆகணும்னு இல்லாம, நிஜமா முடியும்னு தோணுதாம்மா?" என்று திரும்பக் கேட்டேன். யோசித்து, "அம்பது" என்றார். கேள்வி கேட்கப் போகிறவர்களுக்கான குறிப்பில் இந்த மறுகேள்வியைச் சேர்த்தோம்.

கேட்கப் போகிறவர்கள் என்றதும் இன்னொன்று. படிவம் எழுத்துத் தமிழில் இருக்கும், வாசித்துக் காட்டுபவர் பேச்சுத் தமிழுக்கு மாற்றிக்கொள்வார். இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றினால் நீங்கள் ஒரு பட்டியலைச் சோதிக்கவில்லை, இரண்டு பட்டியல்களைச் சோதிக்கிறீர்கள். பேச்சு வடிவத்தையும் எழுதி, அச்சடித்து, அதையே வாசிக்கச் சொல்லுங்கள்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இதற்குப் பிறகுதான் பெரிய அளவில் ஆட்களைக் கேட்டுக் கணக்குப் போடும் கட்டம். எத்தனை பேர் வேண்டும்? வாக்கியம் ஒன்றுக்கு 10 பேர் என்பது புழக்கத்தில் உள்ள மனக்கணக்கு. 18 வாக்கியத்துக்கு 180 பேர். 300 பேர் கிடைத்தால் நிம்மதி.

நம்பகத்தன்மை முதலில். ஒரே விஷயத்தை அளக்கும் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். அந்த ஒத்திசைவை அளக்க லீ கிரான்பாக் 1951இல் தந்த எண்தான் ஆல்பா. 0.70க்கு மேல் இருந்தால் போதும் என்பார்கள். ஆய்வேடுகளில் ஆல்பாவை மட்டும் போட்டு, பட்டியல் சரிபார்க்கப்பட்டது என்று எழுதிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டப்படும். வாக்கியங்களின் எண்ணிக்கை கூடினாலே ஆல்பா ஏறும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவர் சிலரும் எல்லாவற்றுக்கும் 0 போடுபவர் சிலரும் இருந்தாலே ஏறும். எல்லோரும் ஒரே மாதிரி தவறாகப் புரிந்துகொண்டாலும் ஆல்பா நன்றாகவே வரும். ‘விருந்தினர் முன்னிலையில்’ என்ற வரியை ஆல்பா காட்டிக் கொடுத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

நம்பகத்தன்மையின் இன்னொரு பக்கம், அதே ஆளை இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் ஏறக்குறைய அதே எண் வருகிறதா என்பது. இடைப்பட்ட நாட்களில் எதுவும் மாறியிருக்கக் கூடாது. தீபாவளிக்கு முன் ஒரு தடவையும், மழை பிடித்த பின் ஒரு தடவையும் கேட்டுவிட்டு எண் மாறுகிறதே என்று பட்டியலைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது காரணிப் பகுப்பாய்வு. பெயர் மிரட்டும், விஷயம் எளிது. கல்யாண மண்டபத்தில் யாரையும் தெரியாமல் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். யார் யார் ஒன்றாக வருகிறார்கள், ஒரே பந்தியில் உட்காருகிறார்கள், ஒரே வேனில் கிளம்புகிறார்கள் என்று கவனித்தாலே எத்தனை குடும்பம் வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். வாக்கியங்களையும் அப்படிக் கவனிப்பதுதான் இது. ஒரு வாக்கியத்தில் எண் ஏறும்போது வேறு எந்த வாக்கியங்களில் சேர்ந்து ஏறுகிறது? சேர்ந்து அசைபவை ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்துக்குப் பெயர் காரணி. 1904இல் சார்ல்ஸ் ஸ்பியர்மன் தொடங்கி வைத்த முறை. முதலில் ஒரு கூட்டத்திடம் எத்தனை குடும்பம் என்று தேடிப் பார்ப்பார்கள், பிறகு வேறு ஒரு கூட்டத்திடம் அதே அமைப்பு நிற்கிறதா என்று உறுதி செய்வார்கள். ஒரே கூட்டத்தை வைத்து இரண்டையும் செய்வது, விடைத்தாளைப் பார்த்துக்கொண்டே தேர்வு எழுதுவதைப் போன்றது. எந்தக் குடும்பத்திலும் சேராமல் ஒரு வாக்கியம் தனியாக நின்றால், அதை நீக்குவதற்கு முன் முன்சோதனைக் குறிப்புகளைத் திருப்பிப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கே யாரோ ஒருவரின் வாயிலிருந்து ஏற்கெனவே வந்திருக்கும்.

கடைசியாக, அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா என்ற கேள்வி. இதற்கு வெளியே இருந்து சாட்சி வேண்டும். விடியற்காலையில் பல வருடமாகப் பார்க்கில் நடப்பவர்களுக்கும், டாக்டர் சொல்லி நேற்றுதான் யோசிக்கத் தொடங்கியவர்களுக்கும் மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரிய வேண்டும். அதிக எண் சொன்னவர்கள் அடுத்த மாதத்தில் உண்மையிலேயே அதிகம் நடக்கிறார்களா என்று காலடி எண்ணும் கருவியை வைத்துப் பார்க்கலாம். பாம்புக் கூண்டின் முன்னால் நடந்ததும் இதே சோதனைதான். இன்னொரு பக்கம், மாரிஸ் ரோசன்பர்க் 1965இல் வெளியிட்ட தன்மதிப்புப் பட்டியல் போன்ற ஒன்றோடு இதை ஒப்பிட்டால், ஒட்டுறவு இருக்க வேண்டும், ஆனால் இரண்டும் ஒன்றே என்று சொல்லும் அளவுக்கு இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் நீங்கள் அளந்தது மறுபடியும் அந்தப் பெரிய பாத்திரமான தன்னம்பிக்கையைத்தான்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எண் ஒரே பொருளைத் தருகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். ‘குடும்பத்தார் ஆதரவு இல்லாவிட்டாலும்’ என்ற வரிக்கு ஆண்கள் சொன்ன விளக்கம், காலையில் எழுப்பிவிட ஆள் இல்லாதது. பெண்கள் சொன்னது, அந்த முக்கால் மணி நேரம் டிபனையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது, ஐந்தரை மணி இருட்டில் தனியாகப் போக வீட்டில் விடுவார்களா என்பது. இருவரும் 60 போட்டால் அந்த இரண்டு 60களும் ஒன்றாகுமா? இதைப் பார்ப்பதற்கென்றே ‘அளவீட்டு மாறாத்தன்மை’ என்ற சோதனை இருக்கிறது. பலரும் தவிர்த்துவிடும் சோதனையும் அதுதான்.

ஊர் மாறினாலும் இதே கேள்வி எழும். சென்னையில் சரிபார்த்த பட்டியலைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனால் ‘வாக்கிங்’ தாங்கும், தண்ணீர் லாரிக்குப் பழகாத ஊரில் குடப் பயிற்சியும் தாங்கும் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் முதல் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். அங்கே பேச்சில் ‘முடியும்’ என்ற இடத்தில் ‘ஏலும்’ வரும், ‘முடியாது’ என்ற இடத்தில் ‘ஏலாது’. அந்த ஊர் அம்மா ஒருவரை உட்கார வைத்து, "இந்தக் கேள்வி என்ன கேக்குது எண்டு உங்கட சொல்லில சொல்லுங்கோ" என்று 18 தடவை கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கணினியைத் திறக்கலாம்.